சுமக்கும் தூரமே பயணத்தின் அளவு

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிப் பகுதியில், முன்பழக்கமில்லாத நால்வர் கேனோ படகுகளில் துடுப்பு வலித்துச் சென்று, இரவில் கூடாரமடித்துத் தங்கி, ஐந்து நாள் பயணம் மேற்கொள்வதாயின், ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என வகுத்துக்கொள்வது தகும்?

பதில்: கனடா எல்லையை ஒட்டிப் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்துள்ள இந்த வனநிலம், 1964-ஆம் ஆண்டின் வனநிலச் சட்டத்தாலும் 1978-இல் இதற்கென இயற்றப்பட்ட தனிச் சட்டத்தாலும் காக்கப்படுவதால், இங்குள்ள பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுகளுக்கு இடமில்லை. ஏரிகள் பலவும் குறுகிய நிலத்துண்டுகளால் பிரிக்கப்பட்டிருப்பதால், ஓர் ஏரியைக் கடந்தவர்கள் படகையும் மூட்டைகளையும் தோளிலேற்றி அடுத்த ஏரிவரை நடக்க வேண்டியிருக்கிறது. போர்ட்டேஜ் எனப்படும் இந்தச் சுமைநடையே ஒரு நாளின் உண்மையான அளவுகோல் என்பதால், நீர்வழித் தூரத்தை மட்டும் கூட்டி வகுக்கும் திட்டம் பெரும்பாலும் பொய்த்துப்போகும்.

சுமைநடையின் நீளம் வரைபடங்களில் ‘ராட்’ என்னும் பழைய நில அளவையால் குறிக்கப்படுகிறது. ஒரு ராட் 16.5 அடி, 320 ராட் ஒரு மைல். 160 ராட் என்பது ஏறத்தாழ 800 மீட்டரே ஆயினும், எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுசெல்ல இயலாதவர்கள் ஒருமுறை சுமந்து, வெறுங்கையுடன் திரும்பி, மீண்டும் சுமக்க நேர்வதால், அது 2.4 கிலோமீட்டராகிவிடுகிறது. ஆகவே துடுப்பின் வேகத்தைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பதே பயன் தரும். இருவர் செல்லும் அலுமினியக் கேனோ ஏறத்தாழ 34 கிலோ இருக்க, கெவ்லார் என்னும் செயற்கை இழையாலானது 20 கிலோ அளவிலேயே அமைகிறது. ஆனால் அது பாறையில் உரசினால் சேதமுறும் என்பதால், கரைக்குச் சற்று முன்பே நீரில் இறங்கி அதைத் தூக்கியெடுக்க வேண்டும். உணவு அடைத்த தகர டப்பாக்களும் கண்ணாடிப் புட்டிகளும் இங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், அரிசி, பருப்பு, அவல் போன்ற உலர் பொருள்களே பொருத்தமானவை. கருங்கரடிகள் உலவும் காடாதலால், உணவுப் பொருள்களைக் கரடி திறக்கவியலாத கலத்திலோ மரக்கிளையில் உயரக் கட்டித் தொங்கவிட்டோ வைத்தல் வேண்டும். ஏரிநீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ பருகுவதே பாதுகாப்பானது.

இரவு தங்குவதற்கு ஆண்டு முழுதும் அனுமதிச் சீட்டு தேவை; மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை குழுக்கள் என்ற வரம்பு இருப்பதால், நுழையும் நாளையும் இடத்தையும் முன்னரே பதிவுசெய்தல் அவசியம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் நான்கு படகுகளுக்கும் மேல் கூடாது. நுழைவைப் பதிவுசெய்ய முடிந்தாலும், அடுப்புச் சட்டமும் எளிய கழிப்பிடமும் கொண்ட தங்குமிடங்களை முன்பதிவு செய்ய முடியாது. முந்தி வருவோருக்கே அவை கிடைக்கும். பிற்பகலில் காற்று வலுத்துப் பெரிய ஏரிகளில் அலை எழுவதும் வழக்கமாதலால், விடிந்தவுடன் புறப்பட்டு, உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் கரையை ஒட்டிச் சென்று, நண்பகலையொட்டி இடம்பிடிப்பது இரு வகையிலும் நன்மை பயக்கும்.

எனவே புதியவர்கள் ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று குறுகிய சுமைநடைகள் என்று வகுத்து, ஐந்தில் ஒரு நாளைக் காற்றுக்கும் மழைக்கும் என ஒதுக்கி, எஞ்சும் நாள்களுக்குள் அடங்கும் வழியைத் தேர்வது தகும். கிலோமீட்டர்க் கணக்கு அதன் பின்னரே வரவேண்டியது.