காணாமையும் இன்மையும்: கடலில் மறைந்த விமானத்தைத் தேடிய முறை

ஒரு பொருளைக் காணாமை வேறு. அப்பொருள் இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் மக்கட்கு இயல்பு. நம் பழைய தருக்க நூலார், ஒரு பொருள் இல்லை என்று அறிதலையும் அறிவு பெறும் வாயில்களுள் ஒன்றாக எண்ணினர். மணிமேகலையில் எண்ணப்படும் அளவைகளுள் அபாவம் என்பது இதுவே. ஆயினும், காணத்தக்க நிலையில் காணாமையே இன்மைக்குச் சான்றாகும் என்று தருக்கம் வல்லோர் வரம்பு கட்டினர். விளக்கெரியும் அறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை எனத் துணியலாம். இருட்டறையில் காணாதவன் அங்ஙனம் துணிதல் கூடாது. இவ்வரம்பு எத்துணை இன்றியமையாதது என்பதை, 228 உயிர்களுடன் கடலில் மறைந்த ஒரு விமானத்தின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் மாலை, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரினின்று பாரிஸ் மாநகரை நோக்கி ஏர் பிரான்ஸ் கம்பெனியாரின் 447 என்னும் எண்ணுடைய விமானம் புறப்பட்டது. பிரயாணிகள் 216 பேரும் பணியாளர் 12 பேரும் அதில் இருந்தனர். அட்லாண்டிக் மாகடலின் நடுவே, தரையிலுள்ள ராடாருக்கு எட்டாத இடத்தில், அது மறைந்தது. கிரீன்விச் நேரப்படி ஜூன் 1-ஆம் நாள் 2 மணி 10 நிமிடத்தில் இருந்த இடத்தை அது தானே இறுதியாக அறிவித்தது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்குள், பழுதுகளைக் குறிக்கும் 24 செய்திகள் செயற்கைக்கோள் வழியாக வந்தன; பின்னர் யாதும் வரவில்லை. அச்சிறு காலத்தில் விமானம் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ 40 கடல் மைல். ஆகவே, இறுதி இடத்தை மையமாகக் கொண்டு அவ்வளவு ஆரமுள்ள வட்டம் ஒன்று வரையப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர். கீழேயோ மேடும் பள்ளமுமான ஆழ்கடல்.

மாண்டவர் மீளாரெனின் இத்துணைப் பொருட்செலவில் தேடுவானேன் எனச் சிலர் வினவலாம். உற்றாரின் துயரம் ஒருபுறமிருக்க, அவ்வகை விமானங்கள் பல அன்றும் வானில் பறந்துகொண்டிருந்தன. வீழ்ந்ததன் காரணம் அறியாவிடின் மற்றவற்றிற்குக் காப்பில்லை. அக்காரணத்தை அறிவிக்கவல்லவை இரண்டு பதிவுக் கருவிகள். ஒன்று விமானத்தின் வேகம், உயரம் முதலியவற்றைப் பதிவது. மற்றொன்று விமானிகளின் பேச்சைப் பதிவது. கறுப்புப் பெட்டி எனப்படினும் இவை செம்மஞ்சள் நிறத்தன. நீரில் மூழ்கியதும் இடைவிடாது ஒலி விடுக்கும் சிறு கருவி ஒன்று ஒவ்வொன்றிலும் பொருத்தப்பட்டிருக்கும். அக்காலத்து விதிப்படி அது 30 நாள் ஒலித்தல் வேண்டும்.

ஜூன் 6-ஆம் நாள் முதல் மிதக்கும் உடல்களும் சிதைவுகளும் அகப்பட்டன. அம்மாதத்தில் 50 உடல்கள் மீட்கப்பட்டன. ஒலி கேட்கும் கருவிகளைக் கப்பல்கள் ஆழத்தில் இழுத்துக்கொண்டு ஜூலை 10 வரையில் திரிந்தன. ஒலி யாதும் கேட்கவில்லை. அவ்வாண்டிலும் 2010-ஆம் ஆண்டிலும், ஒலியலைகளால் கடலடியைத் துழாவும் கருவிகள் கொண்டு மேலும் இருமுறை தேடினர். ஆயின், செவிகொடுத்துக் கேட்டும் ஒலி எழாத பகுதியில் விமானம் இராது என்னும் எண்ணத்தால், அப்பகுதியைப் பெரும்பாலும் விலக்கிப் பிற இடங்களிலேயே தேடினர். இருமுறையும் பயன் விளையவில்லை.

இந்நிலையில் மெட்ரான் என்னும் அமெரிக்கக் கணிதக் குழுவினரைப் பிரெஞ்சு விபத்து ஆராய்ச்சி நிலையத்தார் நாடினர். அவர்கள் கைக்கொண்ட முறை, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்னும் குருவானவர் வகுத்தது. அவர் காலமான பின்னர் 1763-இல் வெளிவந்தது. மாணவர்க்கு விளங்குமாறு அதனை ஓர் எடுத்துக்காட்டால் கூறுவோம்.

ஒரு குளத்தில் மோதிரம் ஒன்று வீழ்ந்தது. அது கீழ்ப்பாதியிலும் மேற்பாதியிலும் இருத்தற்கு ஒத்த வாய்ப்பு உண்டு. இத்தகைய நிகழ்ச்சி 200 முறை நேர்ந்ததாகக் கொள்வோம்: 100 முறை மோதிரம் கீழ்ப்பாதியிலும் 100 முறை மேற்பாதியிலும் இருக்கும். நமது வலை, மோதிரம் உள்ள இடத்தில் வீசினால் 100-க்கு 90 முறை அதனை எடுத்துவிடும். கீழ்ப்பாதியில் வீசினோம், அகப்படவில்லை. இப்போது எஞ்சிய 110 நிகழ்ச்சிகளுள் 10-இல் மட்டுமே அது கீழ்ப்பாதியில் உள்ளது. ஆகவே மேற்பாதியிற் சென்று தேடுதல் அறிவுடைமை. ஆனால் வலை கிழிந்திருந்தது என வைப்போம். அப்பொழுது 100-க்கு 100 என்னும் பழைய நிலையே நிற்கும். வீசியதால் நாம் அறிந்தது ஒன்றுமில்லை. ஆதலின், தேடிக் காணாமையின் பெறுமானம் வலையின் தன்மையைப் பொறுத்தது.

கணிதர் இவ்வினாவையே எழுப்பினர்: ஒலிக்கும் கருவிகள் இரண்டுமே பழுதுற்றிருப்பின் என்னாகும்? அங்ஙனம் கொண்டு கணக்கிட்டபோது, விலக்கப்பட்டிருந்த பகுதியே, அதாவது இறுதி இடத்தை அடுத்த கடலே, மிகுந்த வாய்ப்புடையதாகத் தோன்றியது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நான்காம் முறை தேடல் தொடங்கியது. உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தார், ஆளின்றித் தாமே இயங்கும் நீர்மூழ்கிகளை இறக்கினர். ஏப்ரல் 3-ஆம் நாள், இறுதி இடத்திற்கு ஏறத்தாழ 6.5 கடல் மைல் தொலைவில், 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் காணப்பட்டது. இரண்டு ஆண்டுகளாகக் கிட்டாதது பத்து நாட்களுக்குள் கிட்டியது. மே மாதத் தொடக்கத்தில் இரு பதிவுக் கருவிகளும் மேலே வந்தன. அத்துணைக் காலம் கடலடியிற் கிடந்தும் பதிவுகள் அழியவில்லை. மேலும் 104 உடல்கள் மீட்கப்பட்டன.

பதிவுகள் கூறியது யாது? வேகத்தை அளக்கும் பீட்டோ குழல்களைப் பனித்துகள் அடைத்தது. வேகக் கணக்குப் பிழைபடவே தானியங்கி விலகி, விமானத்தை விமானிகள் கையில் விட்டது. அக்குழல்கள் ஒரு நிமிடத்திற்குள் சீரடைந்தன. எனினும் அதற்குள் விமானத்தின் முகம் அளவுக்கு மிஞ்சி உயர்த்தப்பட்டு, சிறகுகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. எச்சரிக்கை ஒலித்தும் விமானிகள் அந்நிலையை உணர்ந்திலர். ஏறத்தாழ 38,000 அடி உயரத்தினின்று, நான்கு நிமிடத்திற்கும் குறைந்த காலத்தில் விமானம் கடலில் வீழ்ந்தது. முன்னர் வந்த 24 செய்திகளால் குழல்களின் கோளாறு ஊகிக்கப்பட்டிருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றைப் பதிவுகளே உணர்த்தின.

2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முடிவான அறிக்கை வெளிவந்தது. இத்தகைய ஆராய்ச்சியின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுத்தலேயன்றிக் குற்றம் சுமத்துதல் அன்று என்பது சர்வதேச விதி. அந்நோக்கத்திற்கேற்ப, உயர வானில் சிறகுகள் ஆற்றலிழக்கும் நிலையை அறிந்து மீளும் பயிற்சி விமானிகளுக்கு வலியுறுத்தப்பட்டது. ஒலிக்கருவிகள் 30 நாளுக்குப் பதில் 90 நாள் ஒலித்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று.

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இரசாயன சாலையில் ஒரு திரவத்தைச் சோதித்து, நிறம் மாறாமை கண்டு, 'இவ்வுப்பு இதில் இல்லை' என்று எழுதுகிறோம். எழுதுமுன், அவ்வுப்பு உண்டென நாம் நன்கறிந்த வேறொரு திரவத்தில் அதே மருந்தை இட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். அங்கும் மாறாவிடின், பழுது மருந்தினுடையது. 'இல்லை' என்னும் சொல்லை, அதனைச் சொல்லத்தக்க கருவி நம் கையில் உண்டென்று தேறிய பின்னரே சொல்வோமாக.