முகமூடியும் மூடிய கதவும்: ‘ஹாலோவீன்’ திரைப்படம் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கொள்கை. அவ்வாறாயின், முகமூடி அணிந்த ஒருவன் தோழியர் மூவரைப் பின்தொடர்ந்து கொல்ல முனையும் கதையைக் கல்லூரி மலரில் ஆராய்வது தகுமா என ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆங்கிலத்தில் ‘ஸ்லாஷர்’ எனப்படும் இவ்வகைப் படங்களுள் பெரும்பாலானவை ஒருமுறை பார்ப்பதற்கும் தகுதியற்றவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும், இவ்வகைக்கு வழிகாட்டியாய் அமைந்த படம் ஒன்றனை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. ஜான் கார்பென்டர் இயக்கி, 1978 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹாலோவீன்’ என்பதே அது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2006 ஆம் ஆண்டில் இதுவும் இடம்பெற்றது. இப்படத்தில் அச்சத்தை விளைவிப்பது கத்தியைக் காட்டிலும் பார்வையே என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கின்றேன்.

கதைச் சுருக்கம்

அக்டோபர் 31 அன்று இரவு அமெரிக்கச் சிறுவர் பேய் வேடமும் முகமூடியும் அணிந்து வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்குவர். அதுவே ஹாலோவீன் விழா. ஊரே முகமூடி அணியும் அந்நாளில் முகமூடிக்காரன் ஒருவனை ஐயுறுவார் எவருமிலர். 1963 ஆம் ஆண்டு அவ்விரவில் மைக்கேல் மையர்ஸ் என்னும் ஆறு வயதுச் சிறுவன் தன் தமக்கையைக் குத்திக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மனநோய் விடுதியினின்று தப்பித் தன் ஊருக்குத் திரும்புகிறான். ஹாடன்ஃபீல்டு என்னும் அவ்வூர் கற்பனையூரே. லோரி, ஆனி, லிண்டா என்னும் பள்ளித் தோழியர் மூவரை அவன் பின்தொடர்கிறான். மருத்துவர் லூமிஸ் அவனைத் தேடி வருகிறார். கதை இவ்வளவே.

எளிமை தந்த வலிமை

இப்படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர். ஹாலிவுட் அளவில் அது மிகச் சிறு தொகை. கதை நிகழ்வதோ இலையுதிர் காலத்து இல்லினாய் மாநிலத்தில். படம் பிடித்ததோ வசந்த காலத்துக் கலிபோர்னியாவில், ஏறத்தாழ இருபதே நாளில். ஆதலின், சருகு நிறம் பூசிய போலி இலைகளைத் தெருவில் தூவிப் படம் பிடித்தனர். பின்பு அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி அடுத்த காட்சிக்குக் கொண்டு சென்றனர். கூர்ந்து நோக்குவார்க்கு இல்லினாயில் விளையாத பனை இன மரங்களும் ஆங்காங்கே புலப்படும்.

முகமூடியின் வரலாறு இன்னும் சுவையானது. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வில்லியம் ஷாட்னர் ஏற்ற கேப்டன் கிர்க் வேடத்தின் இரப்பர் முகமூடி ஒன்றை இரண்டு டாலருக்கும் குறைந்த விலையில் கடையில் வாங்கினர். கண் துளைகளைப் பெரிதாக்கி வெள்ளை வண்ணம் பூசினர். சினமும் சிரிப்பும் துயரமும் அற்ற வெறுமுகம் ஒன்று கிடைத்தது. கோரப் பற்களோடு கூடிய முகமூடியாயின் அஞ்ச வேண்டியது இன்னதென அதுவே உரைத்துவிடும். இவ்வெறுமுகமோ ஒன்றும் உரைப்பதில்லை. அதில் எழுத வேண்டியதைப் பார்ப்பவரே எழுதிக்கொள்கின்றனர்.

இசையும் இவ்வாறே அமைந்தது. இசை சேர்க்காத படத்தைக் கண்ட பெரிய நிறுவன அலுவலர் ஒருவர் சிறிதும் அஞ்சவில்லை என்பதைக் கார்பென்டரே பின்னர் எழுதியுள்ளார். இசைக்குழு அமர்த்தப் பணம் இல்லை. எனவே தாமே இசையமைத்தார். இசைப் பேராசிரியரான தந்தை இளமையில் கற்பித்த ஐந்து எண்ணிக்கைத் தாளமே முகப்பிசைக்கு அடிப்படையாயிற்று. நம் இசையில் கண்டம் என்று வழங்கும் கணக்கு அது. நான்கில் முடியும் என எதிர்பார்க்கும் மேலைநாட்டுச் செவிக்கு ஐந்தாவது எண்ணிக்கை இடறுகிறது. அடி தவறி நடப்பது போன்ற அவ்விடறலே உள்ளத்தில் அமைதியின்மையை வளர்க்கிறது.

அச்சத்தின் களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை வகுத்துள்ளார். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் இப்படத்தின் கொலையாளி எவ்வகையினன்? கள்வனைப் போல் வீடு புகுகிறான். ஆனால் எதனையும் கவர்ந்து செல்ல வரவில்லை. விலங்கைப் போல் பேச்சின்றிப் பின்தொடர்கிறான். ஆனால் பசிக்காக அன்று. இறுதியில் ஆறு குண்டுகள் பாய்ந்து மாடியினின்று வீழ்ந்தும், வீழ்ந்த இடத்தில் அவன் உடல் இல்லை. அணங்கைப் போல் மறைந்துவிடுகிறான். மூன்று களன்களையும் தொட்டு ஒன்றிலும் அடங்காமல் நிற்கின்றான். படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் முகமூடி அணிந்து நடித்த நிக் காசில் ஏற்ற பாத்திரத்துக்கு மைக்கேல் என்ற பெயர் இல்லை. ‘உருவம்’ என்றே குறித்துள்ளனர். பெயரிட்டு அழைக்க இயலாத ஒன்றே பேரச்சம் தருவது என்பதை இயக்குநர் நன்கு உணர்ந்திருந்தார்.

யாருடைய கண்?

இனி, கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். படத்தின் தொடக்கக் காட்சி ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடுவது. இடையில் வெட்டே இல்லாதது போல் அமைந்தது. கேமரா சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது, சமையலறையில் கத்தியை எடுக்கிறது, மாடி ஏறுகிறது. கீழே கிடந்த கோமாளி முகமூடியை அணிந்தவுடன் திரை முழுவதும் இருண்டு, இரு கண் துளைகளின் வழியே மட்டும் அறையைக் காண்கிறோம். கொலை முடிந்து தெருவுக்கு வந்தபின், பெற்றோர் முகமூடியைக் களைய, அங்கே நிற்பது ஒரு சிறுவன். இதுகாறும் அவன் கண்ணை நாம் இரவல் வாங்கியிருந்தோம் என்று அறியும்போது உடல் கூசுகிறது.

அதன்பின் கேமரா பெரும்பாலும் விலகி நிற்கிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத்திரையின் ஓரங்களை நன்கு பயன்படுத்தியுள்ளார். லோரி ஒருபுறம் நிற்க, மறுபுறம் வெறுமையாய் இருக்கும். அவ்வெறுமையில் யாரேனும் தோன்றுவரோ என நம் கண் தேடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில், அழுது சோர்ந்து சுவரில் சாய்ந்த லோரியின் பின்னுள்ள இருண்ட வாயிலில் வெள்ளை முகம் மெல்ல மெல்லத் துலங்குகிறது. நாம் காண்கிறோம், அவள் காணவில்லை, அவளை எச்சரிக்கவும் நம்மால் இயலாது. கொலையாளியின் கண்ணாய் இருந்த நாம் கையற்ற சாட்சியாய் மாறிவிடுகின்றோம். திரையில் சிந்தும் இரத்தமோ மிகச் சிறிது.

தோழியர் மூவருள் லோரி மட்டும் ஏன் பிழைத்தாள்? ஒழுக்கம் தவறிய பெண்களுக்கு மரணம், தவறாதவளுக்கு உயிர் என்னும் பழமையான தீர்ப்பே இப்படங்களின் உட்பொருள் எனச் சிலர் குறை கூறுவர். தனித்து எஞ்சும் நாயகியை ‘இறுதிப் பெண்’ எனப் பெயரிட்டு 1987 இல் ஆராய்ந்தவர் பேராசிரியர் கேரல் குளோவர். அவள் கூர்ந்து காண்பவள் என்பதை அவரும் சுட்டியுள்ளார். என் கருத்தும் அதுவே. வகுப்பறைச் சன்னல் வழியாகவும், தெருவோரப் புதர் வேலியருகிலும், கொல்லையில் உலரும் துணிகளிடையிலும் அவ்வுருவத்தைக் கண்டு ஐயுற்றவள் லோரி. தோழியர் அதனை நகைத்துத் தள்ளினர்.

பின்வந்தோர்

அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் டாலர் ஈட்டிய இப்படத்தைப் பின்பற்றி எண்ணற்ற படங்கள் தோன்றின. 1980 இல் வந்த ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ அவற்றுள் பெயர் பெற்றது. கொலையாளியின் கண்ணாய் நகரும் கேமராவை அது எடுத்துக்கொண்டது. வெட்டுக் காயங்களைத் திறம்படச் செய்து காட்டுவதையே கவர்ச்சியாக்கிக்கொண்டது. 1981 இல் வந்த ‘ஹாலோவீன்’ இரண்டாம் பாகத்திலும் குருதிக் காட்சிகள் மிகுந்தன. கண்ட புண்ணுக்கு நாம் அருவருப்பு அடைகிறோம். காணாத இருளுக்கே அஞ்சுகிறோம். இவ்வேறுபாட்டைப் பின்வந்தோர் பலர் மறந்தனர்.

முடிவுரை

படத்தில் யான் மிகுதியும் அஞ்சிய காட்சி கத்தி ஓங்கும் காட்சியன்று. காயமுற்ற லோரி தெருவில் ஓடி அண்டை வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ வெளியே பார்க்கின்றார். உடனே விளக்கு அணைகிறது, கதவு திறக்கவில்லை. விழா நாள் விளையாட்டு என அவர் எண்ணியிருக்கலாம். வீண் வம்பு எதற்கு என்றும் எண்ணியிருக்கலாம். அவர் பெயரும் முகமும் நமக்குத் தெரியா. முகமூடி அணியாமலே முகமற்று நின்றவர் அவர்.

லோரி எதிர்வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே கதவைத் திறப்பவன் அவள் பொறுப்பில் விடப்பட்ட டாமி என்னும் சிறுவன். அவ்விரவில் சன்னல் வழியே அவ்வுருவத்தைக் கண்டு, பூச்சாண்டி வந்துவிட்டான் என்று சொல்லி, எவராலும் நம்பப்படாதவன் அவனே.

கொலையாளியின் கண், கையற்ற சாட்சியின் கண், பார்த்தும் விளக்கை அணைப்பவர் கண், பார்த்ததை நம்பிக் கதவைத் திறக்கும் சிறுவன் கண் என நான்கு பார்வைகளை இச்சிறு படம் நம்முன் வைக்கிறது. முதல் இரண்டும் திரையரங்கில் நமக்குத் தாமே வாய்க்கின்றன. பின்னிரண்டில் ஒன்றைத் தேர்வது, படம் முடிந்து நாம் வீடு திரும்பியபின், நம் தெருவில் யாரேனும் கதவைத் தட்டும் இரவில் நிகழ்வது.