வலி மாத்திரை வாங்கும் முன் அட்டையைத் திருப்புங்கள்

மருந்துக் கடையில் ‘மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை’ என்று கேட்டு வாங்குகிறவர்களில் பலர் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் எல்லாமே அடக்குவது காக்ஸ் என்ற நொதியைத்தான். வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் உடலில் உருவாக இந்த நொதி வேண்டும். ஆஸ்பிரின் வேலை செய்வதும் இப்படித்தான் என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் காக்ஸில் இரண்டு வகை உண்டு. காக்ஸ்-1 இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. காக்ஸ்-2 அழற்சி உள்ள இடத்தில் பெருகுகிறது. பழைய மாத்திரைகள் இரண்டையும் அடக்குவதால்தான் வயிற்றுப்புண் வருகிறது. காக்ஸ்-2ஐ மட்டும் அடக்கினால் போதுமே என்று 1999இல் ரோஃபிகாக்சிப் விற்பனைக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ரத்தக் குழாய்க்குள் உறைவைத் தடுக்கும் பொருள் சுரக்கவும் காக்ஸ்-2 தேவை என்பதே அதற்கு முக்கிய விளக்கம். எட்டோரிகாக்சிப்பும் இந்த வகைதான். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ‘வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது’ என்று யாராவது கொடுத்தால் இதய நோயாளிகள் வாங்க வேண்டாம்.

கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது வயிற்றுக்கு மட்டும் கவசம், சிறுநீரகத்துக்கு இல்லை. நான் அதிகம் அஞ்சுவது சிறுநீரகத்தை நினைத்துத்தான். எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற பி.பி. மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிறவர் வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கோடை வெயிலில் நீர் வற்றிய உடம்பு என்றால் ஆபத்து இன்னும் கூடுதல்.

டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் இந்த மாத்திரைகள் கூடவே கூடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இபுப்ரோஃபென் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்பிரினின் பலனை அது கெடுக்கலாம். கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஓரிரு நாள் வலிக்குக் குறைந்த அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ஆரோக்கியமான பெரும்பாலோருக்குப் பிரச்சினை வராது. மாதக்கணக்கில் தொடர்கிறவர்கள் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.