திஸ்ரத்தில் தடுமாறாத டிலே

ஓர்ஸ் ஹில்லில் இருந்து உப்புவெளிக் கடற்கரை சில கிலோமீற்றர்தான். ஆனால் திருகோணமலையில் எலெக்ட்ரிக் கிற்றார் வாசிக்கும் ஓர் இளைஞர் ஒரே வார இறுதிக்குள் மூன்று விதமான மேடை ஏற வேண்டி வரும். வெள்ளி இரவு கோயில் திருவிழாவில் இசைக்குழுவோடு திரைப்பாடல்கள், சனிக்கிழமை கடற்கரை ஹோட்டலில் ஆங்கிலப் பாட்டும் பைலாவும், ஞாயிறு காலை தேவாலயப் பாடகர் குழு. பெடல்போர்ட் ஒன்றுதான். அதில் எதிரொலி தரும் டிலே பெடலுக்கு இருக்கும் இடமும் ஒன்றுதான். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் காசையும் பொறுமையையும் இழக்கிறார்கள்.

கடையில் பெட்டியைத் திருப்பி 'எத்தனை மோட்' என்று எண்ணிப் பார்ப்பதே பலருக்கு வழக்கம். லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4 1999இல் 15 வகை டிலேக்களோடு வந்தது. பொஸ் டிடி-8 இல் 11 மோட்கள். மேடையில் உண்மையில் பயன்படுபவை மூன்றே. 80 முதல் 140 மில்லி செக்கனுக்குள் ஒரேயொரு தடவை திரும்பி வரும் குட்டை எதிரொலி, தாளத்தோடு பின்னிப்போகும் நடுத்தர எதிரொலி, தனி வாசிப்பின் பின்னால் விரியும் நீண்ட எதிரொலி. இந்த மூன்றையும் பாட்டு நடக்கும்போதே காலால் மாற்ற முடிந்தால் அதுவே பல வேலைக்கும் உதவும் பெடல். முடியாவிட்டால் மோட்களின் எண்ணிக்கை பெட்டியின் அலங்காரம் மட்டுமே.

அனலொக்கா டிஜிற்றலா என்ற வாதத்தை விரைவாகவே முடித்துவிடலாம். அனலொக் டிலேயின் உயிர் 'பக்கெட் பிரிகேட்' எனப்படும் சில்லு. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் உருவாக்கியது அது. சிக்னல் ஒரு கொள்கலத்திலிருந்து அடுத்ததற்கு ஊற்றப்பட்டுக்கொண்டே போவதால் ஒவ்வொரு எதிரொலியும் கொஞ்சம் மங்கி, சூடேறி வரும். காதுக்கு இதமானது, பாடகரின் குரலோடு மோதாது. ஆனால் நேரம் குறைவு. எம்எக்ஸ்ஆர் கார்பன் கொப்பி அதிகபட்சம் 600 மில்லி செக்கன் தரும். நிமிடத்துக்கு 70 தட்டு வேகத்தில் போகும் ஒரு மெலடிக்கு, தட்டின் முக்கால் நேரத்தில் விழும் டொட்டட் எயித் எதிரொலி வைக்க 643 வேண்டும். எட்டாது. மலிவான பல 'அனலொக்' பெடல்களுக்குள் இருப்பது பிடி2399 என்ற டிஜிற்றல் சில்லு. கரோக்கே கருவிகளில் குரலுக்கு எதிரொலி சேர்க்கப் புழங்கியது. நேரத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சலும் கூடும். போர்ட்டில் ஒரே டிலேக்குத்தான் இடமென்றால் அது டிஜிற்றலாக இருக்க வேண்டும், அதற்குள் டேப் அல்லது அனலொக் மோட் ஒன்று இருக்க வேண்டும். உண்மையான அனலொக் பெடல் இரண்டாவதாக வாங்கும் சாமான்.

இனித்தான் பலரும் சறுக்கும் இடம்.

இணையத்தில் கிற்றார் பாடம் பார்த்து வளரும் பிள்ளைகள் டிலே என்றவுடன் கற்றுக்கொள்வது டொட்டட் எயித். யூ2 குழுவின் எட்ஜ் 1980களில் புகழ்பெற வைத்த அமைப்பு அது. ஒரு தட்டின் முக்கால் பங்கு நேரத்தில் எதிரொலி விழும். கணக்கு எளிது: 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி செக்கனில் கிடைக்கும், அதை முக்காலால் பெருக்கினால் டொட்டட் எயித். 120 வேகத்தில் ஒரு தட்டு 500, டொட்டட் எயித் 375. நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடைப் பாட்டில் இது அற்புதமாக உட்காரும். சாதாரண எட்டாம் சுரங்களை வாசித்தாலே நடுவில் பதினாறாம் சுரங்கள் தாமாக முளைத்ததுபோல் கேட்கும்.

அதே அமைப்போடு பைலாவுக்குள் போனால் எல்லாம் குழம்பும். பைலாவும் கப்பிரிஞ்ஞாவும் 6/8. நம் ஆட்கள் திஸ்ரம் என்று உணர்வது அதைத்தான். ஒரு தட்டுக்குள் மூன்று எண்ணிக்கை. குத்துப்பாட்டுகளில் பெரும் பகுதியும் இந்த நடைதான். ஏ. ஈ. மனோகரனின் காலத்திலிருந்து இலங்கைத் தமிழ் பொப் பாடல்கள் இந்தத் துள்ளலில் வளர்ந்தவை; பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களைத் தந்த திருகோணமலையில் எந்த மேடையும் அது இல்லாமல் முடிவதில்லை. ஆகவே இங்கே வாசிப்பவர் வாங்கும் டிலே திஸ்ரத்தில் நிற்க வேண்டும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

எண்களை வைத்துப் பார்த்தால் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். 120 வேகத்தில் பைலா என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டு 500 மில்லி செக்கன், அதற்குள் ஒவ்வொரு எண்ணிக்கையும் ஏறத்தாழ 167. எதிரொலி விழ வேண்டிய இடங்கள் 167, 333, 500. டொட்டட் எயித்தில் இருக்கும் பெடல் முதல் எதிரொலியை 375இல் போடும். 333 தாண்டி 42 பிந்தி. இரண்டாவது 750இல் வரும். அது 667க்கும் 833க்கும் நட்டநடுவில் விழுவதால் எந்த எண்ணிக்கையிலும் சேராது. ஒக்டபாட் வாசிப்பவர் 'கிற்றார் இழுக்குது' என்று திரும்பிப் பார்ப்பார். வாசிப்பவரின் கை சரியாகவே இருக்கும். பிழை பெடலின் அமைப்பில்.

தேவைப்படுவது ட்ரிப்ளட் பிரிப்பு. இங்கேயும் ஒரு பொறி உண்டு: ட்ரிப்ளட் என்று எழுதியிருந்தால் சில பெடல்கள் தட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தரும், சில மூன்றில் இரண்டு பங்கை. 120இல் முதலாவது 167, இரண்டாவது 333. பைலாவுக்கு மூன்றில் இரண்டுதான் அழகு. மூன்றில் ஒன்று நெருக்கமாக விழுந்து ரிதம் கிற்றாரைச் சேறாக்கிவிடும். எனவே வாங்குமுன் அந்தப் பெடலின் கையேட்டை இணையத்தில் இறக்கி, காலால் தட்டி வேகத்தைக் கொடுக்கும் டாப் டெம்போ பகுதியில் எந்தெந்தப் பிரிப்புகள் உள்ளன என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் காசைக் கட்டுபவர்கள்தான் அடுத்த மாதமே பெடலை விற்க ஆள் தேடுகிறார்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கும் பெடலில் ட்ரிப்ளட் இல்லாவிட்டாலும் வழி உண்டு. கால் விரலால் தட்டும்போது பாட்டின் இரண்டு பெரிய தட்டுகளைத் தட்டாமல், ஆறு எண்ணிக்கையையும் இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று தட்டாகத் தட்ட வேண்டும்: ஒன்று, மூன்று, ஐந்து. பெடலைச் சாதாரணக் குவாட்டர் அமைப்பிலேயே விடலாம். எதிரொலி நேராக 333இல் உட்காரும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் குறுக்குக் கணக்கு ஒரு மாலைப் பயிற்சியில் வசப்படும்.

டாப் டெம்போ எப்படித் தரப்பட்டிருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். தட்டுவதற்கென்றே தனிக் கால் ஸ்விட்ச் இருப்பது முதல் தரம். டிஎல்4, பொஸ் டிடி-200 போன்றவற்றில் அப்படி உண்டு. பொஸ் டிடி-3டி போன்ற சிறிய பெடலில் வெளியே ஒரு ஸ்விட்ச் இணைக்க வேண்டும். அதற்குப் போர்ட்டில் இடமும் ஒரு கேபிளும் கூடுதலாகப் போகும். சாதாரண கார்பன் கொப்பியில் டாப் டெம்போவே இல்லை. இசைக்குழுவில் பெரும்பாலும் கிற்றார்காரரின் காதுக்கு கிளிக் வருவதில்லை. 120இல் தொடங்கும் பைலாக் கோர்வை கூட்டத்தின் ஆட்டத்தோடு 126க்கு ஏறிவிடும். 333 இருந்த இடத்தில் 317 வேண்டும். குனிந்து குமிழைத் திருக அங்கே நேரமில்லை. பாட்டுக்குப் பாட்டு காலால் புதிதாகத் தட்டுவதே ஒரே வழி. எதிரொலிகளை இரண்டோடு நிறுத்தி, மிக்ஸைக் காலுக்குக் கீழே வைத்தால், அதாவது கால் பங்குக்கும் குறைவாக வைத்தால், சிறு பிசகுகள் வெளியே கேட்காது.

இன்னொன்று. நினைவில் பதிந்த அமைப்பை மாற்றும்போது சில பெடல்கள் தட்டிய வேகத்தை மறந்து, பதியும்போது இருந்த வேகத்துக்கே திரும்பிவிடும். வேகம் எல்லா அமைப்புக்கும் பொதுவாக இருக்கும்படி மாற்ற முடியுமா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வாலோசை. பெடலை அணைத்த பின்னும் ஏற்கெனவே பிறந்த எதிரொலிகள் தாமாக ஓய்ந்து அடங்குவதை ட்ரெய்ல்ஸ் என்றும் கரிஓவர் என்றும் எழுதியிருப்பார்கள். அணைத்ததும் சிக்னலைத் தன் சுற்றுக்குள் விடாமல் நேராகக் கடத்தும் ட்ரூ பைபாஸ் பெடலில் பொதுவாக இது கிடைக்காது. அணைத்த கணமே எதிரொலி வெட்டுப்படும். தனி வாசிப்பு முடிந்து பாடகர் பல்லவி எடுக்கும் இடத்தில் அந்த வெட்டு மேடை முழுவதும் கேட்கும். தேவாலயத்தில் ஜெபத்துக்குப் பின்னால் மெதுவாக வாசிக்கும்போது இன்னும் மோசம். ட்ரூ பைபாஸை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் டிலே விடயத்தில் அதைக் கைவிட வேண்டும்.

ஸ்டீரியோவுக்காக அதிகம் செலவழிப்பது வீண். இங்குள்ள மேடைகளில் கிற்றாருக்கு ஒரே லைன்தான் மிக்ஸருக்குப் போகும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வித்தியாசம் மில்லி அம்பியரில் இருக்கிறது. கார்பன் கொப்பி 26 இழுக்கும், டிடி-8 65, டிடி-200 225, ஸ்ட்ரைமன் டைம்லைன் 300. சாதாரண பவர் சப்ளையில் ஒவ்வொரு வாசலும் 100தான் தரும். 225 கேட்கும் பெடலை அதில் செருகினால் தொடங்காது, அல்லது பாட்டு நடுவில் அணையும். அடப்டர் ஒன்றிலிருந்து எல்லாப் பெடலுக்கும் சங்கிலியாக வயர் இழுத்தால், டிஜிற்றல் டிலேயின் உள் கடிகாரச் சத்தம் ஓவர்டிரைவ் வழியே 'கீ' என்று ஏறி வரும். டிலேக்காவது தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு வாசல் கொடுத்தால் அந்தச் சத்தம் போய்விடும்.

2022இன் மின்வெட்டுக்குப் பிறகு பலர் பவர் பாங்கில் இருந்து 9 வோல்ட் எடுக்கப் பழகிவிட்டார்கள். நல்ல பழக்கம். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பெடல்போர்ட்டைப் பாதிக்காது. ஆனால் விலை குறைந்த 9 வோல்ட் கேபிள்கள் தாமே இரையும்; மேடைக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் வால்யூமைக் கூட்டிக் கேட்டுவிட வேண்டும்.

போர்ட்டில் இடம்: டியூனர், கம்பிரெஸர், ஓவர்டிரைவ், கோரஸ், பிறகு டிலே, கடைசியில் ரிவேர்ப். ஓவர்டிரைவுக்கு முன்னால் டிலேயை வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரக்கும்.

இனி வாங்கும் நாள். கொழும்புக் கடைகள் வீதி வழியே சுமார் 260 கிலோமீற்றர் தூரம். அவ்வளவு தூரம் போகிறவர் சொந்தக் கிற்றாரையும் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் நீட்டும் கிற்றாரில் எல்லா டிலேயும் நன்றாகத்தான் கேட்கும். முதலில் மிக்ஸை முழுதாகவும் ரிப்பீட்டை அடியிலும் வைத்து ஒரே தந்தியை மீட்டி, அந்த ஒற்றை எதிரொலியை மட்டும் கேட்க வேண்டும். அடுத்து நேரத்தை முழுதாகக் கூட்டி, வாசிக்காமல் இருந்து இரைச்சலைக் கேட்க வேண்டும். ரிப்பீட்டை மெல்ல மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் எதிரொலி அடங்காமல் பெருகத் தொடங்கும். அந்த இடம் குமிழின் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டால் மேடையில் அந்தப் பெடல் ஆபத்து. பிறகு ஒரு கோர்ட் அடித்து உடனே அணைத்து வாலோசை வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, கைபேசியின் மெட்ரோனோமை 6/8இல் ஓடவிட்டு, தட்டி, ஒவ்வொரு பெரிய தட்டிலும் ஒரே ஒரு குட்டைக் கோர்ட் வெட்டிப் பார்க்க வேண்டும். எதிரொலி மெட்ரோனோமின் சிறு சத்தத்துக்குள் மறைந்தால் சரி. வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பிரிப்பு தவறு.

போக முடியாதவர்கள் பழைய பெடலை இணையத்தில் பார்த்து வாங்குகிறார்கள். அப்போது படம் போதாது. ஒரு கோர்ட் அடித்து அணைக்கும் வீடியோவும், டாப் ஸ்விட்சை நாலைந்து தடவை தட்டி விளக்கு அதே வேகத்தில் மினுங்கும் வீடியோவும் விற்பவரிடம் கேட்க வேண்டும். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்கத் தேவையில்லை. கடலோரத்தில் பாவித்த பெடலென்றால் ஜாக் துளைகளை டோர்ச் அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். உட்துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று முதலில் பிடிப்பது அந்த உலோகத்தைத்தான். பிறகு குமிழ்கள் கரகரக்கும். பச்சை படிந்திருந்தால் விலையைக் குறைத்தாவது வாங்கலாம் என்று நினைக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். சொந்தப் பெடலை மூடியுள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மாரி காலத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்குகளையும் குமிழ்களையும் மின்கருவிகளுக்கென்றே விற்கும் கொன்டாக்ட் கிளீனரால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே கரண்ட் கொடுக்க வேண்டும்.