புதிதாகப் பாடம் நடத்த வருபவர்களுக்கு

இந்த ஆண்டு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: துறைத் தலைவர் உங்களிடம் அடிக்கடி கேட்கப்போவது, "போர்ஷன் முடிஞ்சுதா?" என்பதுதான். பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆளிருக்காது. செமஸ்டர் முடிந்து அரியர் பட்டியல் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அதைத் தெரிந்துகொள்ளச் சில வழிகள் சொல்கிறேன்.

1. முதல் வாரத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள். எதிரே இருப்பவர்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள். திசைவேகமும் முடுக்கமும் அவர்களுக்குத் தெரியும். வெலாசிட்டியும் ஆக்ஸிலரேஷனும்தான் மிரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுதுங்கள். ஆங்கிலம் வராதவனைப் பாடம் வராதவன் என்று முடிவுகட்டாதீர்கள்.

2. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். வகுப்பே "எஸ் சார்" என்றுதான் சொல்லும். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். கேட்டபின் பொறுமையாக இருங்கள். அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கல்லூரிக்கும் இது பொருந்தும்.

3. பக்கத்து பெஞ்சையும் பாடம் நடத்த விடுங்கள். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், கணக்குகளைச் சரியாகப் போடும் தம் மாணவர்கள் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதைக் கண்டு, 1991 முதல் இந்த முறைக்கு மாறினார். நான்கு விடைகளோடு ஒரு கேள்வி கொடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, மார்போடு சேர்த்து விரல் காட்டட்டும். அடுத்தவர் விடை தெரியாது. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் திரும்ப நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் மேலே போங்கள். இடைப்பட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லி, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் தெளிந்த ஒருவன், எங்கே இடறியது என்பதை நம்மைவிட நன்றாகவே விளக்குவான்.

4. பீரியடின் முதல் ஐந்து நிமிடம், நோட்டை மூடிவைத்து, போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு படிப்பு ஏன் நிற்பதில்லை என்பதை மாணவர்களுக்கும் இதை வைத்தே சொல்லுங்கள்.

5. இன்டர்னல் மார்க்கைப் பிரம்பாக்காதீர்கள். விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். எங்கே வழி தவறினான் என்று ஒரு வரி எழுதுங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே இடத்தில் தவறியிருந்தால், திருத்தவேண்டியது உங்கள் பாடக் குறிப்பை. கொஸ்டின் பேங்கில் இல்லாத ஒரு கேள்வியாவது ஒவ்வொரு டெஸ்டிலும் இருக்கட்டும்.

6. முணுமுணுப்புக்குத் தயாராக இருங்கள். "சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேசச் சொல்றார்" என்பார்கள். 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

7. எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் செய்யப் புறப்படாதீர்கள். சிலபஸும் ஆய்வுக்குழு ஃபைல்களும் மூச்சுவிட விடாது. பிள்ளைகள் வழக்கமாகத் திணறும் ஒரு யூனிட்டை எடுத்து, அதற்கு மட்டும் நல்ல கேள்விகள் பத்து தயார் செய்யுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு யூனிட். கேள்விகளை அதே பேப்பர் நடத்தும் சக ஆசிரியருக்கும் கொடுங்கள். அவர் வகுப்பில் எது எடுபட்டது என்று கேட்டு எழுதிவையுங்கள்.