விழுக்காடு சொல்லாத செய்தி

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாமாண்டு)

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், பள்ளிகளைத் தேர்ச்சி விழுக்காடு என்னும் ஒரே எண்ணால் எடைபோட்டு விடுகிறோம். சிற்றூர் உயர்நிலைப் பள்ளிக்கு இந்த எடைக்கல் பொருந்துமா? கணித மாணவன் என்ற முறையில் இதனைச் சற்று ஆராய விழைகிறேன்.

ஒரு பள்ளியில் 20 பேர் தேர்வெழுதுவதாகக் கொள்வோம். அங்கே ஒவ்வொரு மாணவனும் 5 விழுக்காடு. இருவர் தவறினால் தேர்ச்சி 90. நகரத்தில் 200 பேர் எழுதும் பள்ளியில் அதே இருவர் தவறினால் 99. அடுத்த ஆண்டு சிற்றூரில் ஒருவர் மட்டும் தவறினால் 95. ஊரார் முன்னேற்றம் என்பர். மூவர் தவறினால் 85, வீழ்ச்சி என்பர். ஆசிரியரோ அவரே, கற்பித்தலும் அதுவே. எனவே ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்து, 100 பேராகக் கொண்டு கணிப்பதே முறையாகும். ஆறாம் வகுப்பில் சேர்ந்து, தேர்வு எழுதாமலே நின்றுவிட்டவர்களையும் எண்ண வேண்டும். விழுக்காடு அவர்களைக் காட்டுவதில்லை.

இனி வசதிகளைப் பார்ப்போம். 2018இல் தொடங்கிய 'சமக்ர சிக்ஷா' திட்டம் மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளி மானியத்தை வகுத்தது. 100 பேர் பயிலும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 1000 பேர் பயிலும் பள்ளிக்கு 75,000 ரூபாய். தலைக்கு 250 ரூபாயும் 75 ரூபாயும் ஆகிறது. சிறிய பள்ளிக்கே மிகுதி எனத் தோன்றும். ஆனால் நுண்ணோக்கியின் விலை மாணவர் தொகையைப் பார்த்துக் குறைவதில்லை. நாளிதழ், குடிநீர்க் குழாய், கரும்பலகை ஆகியவையும் அவ்வாறே. அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. குவிலென்சைக் கையில் பிடித்துக் குவியத் தொலைவை அளந்த மாணவனும், அதனைப் படத்தில் மட்டும் கண்ட மாணவனும் ஒரே பாடத்தைக் கற்றவர் ஆவரோ?

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன்பின் வெளியூர்ப் பயணம். பேருந்து இல்லையேல் பெண்பிள்ளையின் படிப்பே நின்றுவிடக்கூடும். அருகிலுள்ள பள்ளியின் எண் குறைவு என்று சொல்லி அதன்மீது நம்பிக்கை இழந்தால், இழப்பு அவர்களுக்கே.

தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம்மை இங்கு அனுப்பியவை இத்தகைய பள்ளிகளே. விடுமுறையில் ஊர் செல்லும்போது, தலைமையாசிரியரின் இசைவு பெற்றுப் பத்தாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுப்போம். 20 பேர் உள்ள வகுப்பில் ஒருவரைத் தேற்றினாலும் அது 5 விழுக்காடு. அந்த வீட்டுக்கோ அது முழு நூறு.