வீட்டுச் சர்வருக்கு ஒரு தீச்சுவர்



மாசி பிறந்து பனி விலகியதும் நம் சேர்வராயன் மலைச் சரிவுகளில் புல்லும் சருகும் காய்ந்துவிடுகின்றன. ஒரு பொறி விழுந்தால் போதும். காற்று அதனை ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கொண்டு சேர்த்துவிடும். ஆகவே, கோடைக்கு முன்பே காட்டின் குறுக்கே ஒரு பட்டையாகச் செத்தையை அகற்றி வெறுந்தரையாக விடுவார்கள். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். இந்தக் கோடு தீயை அணைப்பதில்லை. ஒருபுறம் பற்றிய தீ மறுபுறம் தாவாமல் காப்பதே இதன் வேலை. வரிசை வீடுகளுக்கு இடையே எழுப்பும் கனத்த சுவருக்கும் அதே வேலைதான். கணினி உலகில் ஃபயர்வால், அதாவது தீச்சுவர், என்னும் பெயர் அந்தச் சுவரிலிருந்து வந்தது.

வீட்டில் ஒரு சர்வரை வைத்திருப்போர் இந்தத் தீச்சுவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு காப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

சர்வர் என்பது என்ன?

இரவும் பகலும் விழித்திருந்து, பிற கருவிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினியே சர்வர். குடும்பப் புகைப்படங்களையும் வரவு செலவுக் கணக்கையும் சேமித்து வைக்க, பழைய கணினி ஒன்றை இவ்வாறு பயன்படுத்தும் வீடுகள் உண்டு. ‘எங்கள் வீட்டில் சர்வர் ஏது?’ என்று நீங்கள் கேட்கலாம். வாசலிலும் கூடத்திலும் காமிரா பொருத்தி, அதன் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கைப்பேசியில் கேட்டால் படத்தை அனுப்பும் அந்தப் பெட்டியும் ஒரு சர்வரே. அதன் கதவு திறந்து கிடந்தால், நம் வீட்டுக் கூடத்தை முகமறியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். பெண் குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு இதைவிட அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

‘நம் சின்ன வீட்டை யார் தேடி வரப் போகிறார்கள்?’ என்று எண்ணுவது தவறு. எவரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. இணைய முகவரிகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் இவ்வாறே பரவியது. தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத காமிராக்களையும் ரவுட்டர்களையும் அது தேடிற்று. அது முயன்று பார்த்தவை அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளே. அவற்றைக் கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளை ஏவியே அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்களை முடக்கினார்கள்.

வாசல்களும் காவலும்

ஒவ்வொரு கணினிக்கும் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாசல்கள் 65,535 உண்டு. தொலைவிலிருந்து கட்டளையிட 22, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர 445 என்று வழக்கமான எண்கள் உள்ளன. தீச்சுவர் இந்த வாசல்களின் காவற்காரன். நாம் கேட்டு அனுப்பியதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கேளாமல் வருவதைத் திருப்பி அனுப்பும். நல்ல தீச்சுவரின் முதல் விதி எல்லாவற்றையும் மூடி வைத்து, தேவையானதை மட்டும் திறப்பதாகும். எல்லாவற்றையும் திறந்து வைத்து, தீயதை மட்டும் தடுக்க முயல்வது ஆகாத காரியம். தீயவை எத்தனை வகை என்று யாராலும் எண்ணி முடிக்க இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை ஒன்று உண்டு; குப்பனூர் வழியாக வரும் பாதை மற்றொன்று. முதற்பாதையில் மட்டும் காவல் வைத்துவிட்டுக் குப்பனூர்ப் பாதையை மறந்தால் அந்தக் காவலால் என்ன பயன்? இணையத்திலும் இவ்வாறே இரண்டு பாதைகள் உள்ளன. பழைய முகவரி முறை ஐபிவி4, புதியது ஐபிவி6. பழைய முறையில் வீட்டுக் கருவிகள் அனைத்தும் ரவுட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்பதால் ஓரளவு மறைவு கிடைக்கிறது. புதிய முறையிலோ ஒவ்வொரு கருவியும் உலகம் அறியும் தனி முகவரி பெறக்கூடும். ஆகவே, தீச்சுவர் இரண்டு பாதைகளையும் காக்கிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தீச்சுவர் மூன்று வகையாகக் கிடைக்கிறது. முதலாவது, வீட்டு ரவுட்டருக்குள்ளேயே இருப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தொடக்கம். அந்த ரவுட்டருக்கு இன்னும் புதுப்பிப்புகள் வருகின்றனவா என்பதே இங்கே முதற்கேள்வி. வருவது நின்றுபோயிருந்தால், ரவுட்டர் நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது, தனிப் பெட்டி. இரண்டு வலைத்துளைகள் உள்ள சிறு கணினியில் ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவலாம். வீட்டு வலையைப் பல அறைகளாகப் பிரிக்க இது பெரிதும் உதவும். ஆனால், மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து பார்த்துப் புதுப்பிக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கவனிப்பார் இல்லாத பெரிய தீச்சுவரைவிடக் கவனிக்கப்படும் சிறிய தீச்சுவரே மேல்.

மூன்றாவது, சர்வரிலேயே ஓடுவது. உபுண்டு லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்னும் எளிய தீச்சுவர் உண்டு. விண்டோஸிலும் அதற்கென ஒன்று இருக்கிறது. இது முதல் இரண்டுக்கும் மாற்று அன்று, துணை. வெளிக்கதவைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டாலும் உள்ளறைக் கதவு தாழிட்டிருக்கும்.

உள்ளே ஒரு சுவர்

வெளிச்சுவர் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

2019 ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினிக்குள் தீய நிரல் புகுந்தது. செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு இதைத் தெரிவித்தது என்றும், செய்தி உண்மையே என்றும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. ஆனால், பாதிக்கப்பட்ட கணினி இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையைச் சேர்ந்தது. முக்கியமான உள்வலையோ அதனின்று தனியே பிரிக்கப்பட்டிருந்தது. நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று கழகம் விளக்கியது.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டுத் தகவல்கள் பூட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவு முதலிய வேலைகளைக் கையால் எழுதியே செய்ய வேண்டியதாயிற்று. வலையைச் சரிவரப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஓரிடத்தில் உள்ளே தடுப்பு இருந்தது. மற்றோரிடத்தில் அது போதவில்லை. காட்டுத் தீக்கும் கணினித் தீக்கும் பாடம் ஒன்றே. தீ பற்றாமலே இருக்கும் என்று நம்பியிராமல், பற்றினால் எதுவரை பரவும் என்று முன்கூட்டியே எண்ணிக் கோடு போட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ரவுட்டர், காமிராப் பெட்டி, சர்வர் ஆகியவற்றுடன் வந்த கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுக. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நீண்ட சொற்றொடர் வைக்கலாம்.

2. காமிரா, தொலைக்காட்சி, விருந்தினர் கைப்பேசி ஆகியவற்றை விருந்தினர் வைஃபையில் தனியே வைக்கலாம். சர்வரும் பெற்றோரின் கணினியும் வேறு வலையில் இருக்கட்டும். ரவுட்டர் அவ்விரு வலைகளையும் உண்மையாகவே பிரிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

3. கருவிகள் தாமாகவே வாசல் திறந்துகொள்ள இடந்தரும் யூபிஎன்பி என்னும் வசதியை நிறுத்தி வைக்கவும்.

4. வெளியூரிலிருந்து வீட்டுச் சர்வரை அடைய வேண்டுமானால், அதன் வாசலை உலகுக்குத் திறந்து வைக்க வேண்டாம். வயர்கார்டு போன்ற விபிஎன் வழியே, சாவி உள்ளவர் மட்டும் வரட்டும்.

5. புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகையே கலக்கிய வான்னாக்ரை நிரல் 445 ஆம் வாசல் வழியே புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. கணினி பூட்டப்பட்டவர்களுள் மிகப் பலர் அதை நிறுவாதிருந்தவர்களே.

6. முக்கியமானவற்றுக்குப் பிரதி எடுத்து, ஒரு பிரதியைச் சர்வரோடு இணைக்காமல் பீரோவில் பூட்டி வைக்கவும். கள்வனிடமிருந்து மட்டுமன்றி, நம் மலையின் இடி மின்னலிடமிருந்தும் அதுவே காக்கும்.

முடிவாக, பழைய ஏற்பாட்டு நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை 52 நாட்களில் கட்டி முடித்தார். அத்தோடு நின்றுவிட்டாரா? கதவுகளை மாட்டினார்; வாயிற்காவலரை அமர்த்தினார்; எப்போது திறக்க வேண்டும், எப்போது தாழிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். மதிலைக் காப்பது விழிப்பே என்பதை அவர் அறிந்திருந்தார்.

மாணவியரே, இந்த விடுமுறையில் பெற்றோரின் அனுமதி பெற்று, அவர்களோடு அமர்ந்து வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் மாறியிருக்கிறதா? புதுப்பிப்பு வந்திருக்கிறதா? எந்தெந்த வாசல்கள் திறந்திருக்கின்றன? ஏன் திறந்திருக்கிறது என்று வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாத வாசல் இருக்குமானால், அதனை அன்றே மூடுங்கள். அதனால் ஏதேனும் வேலை நின்றுபோனால், காரணம் அறிந்து மீண்டும் திறந்துகொள்ளலாம். இரவில் தாழ்ப்பாளைச் சரிபார்க்கும் அம்மாவின் கையோடு இனி உங்கள் கையும் சேரட்டும்.